கொழும்புத்துறைக் காற்றும் மாமாவின் காரும்

யாழ்ப்பாண நகரின் கிழக்குப் புறத்தே கடனீரேரியை நோக்கிக் கிடக்கும் ஊர் கொழும்புத்துறை. அங்கு வீசும் காற்று மனிதருக்கு இனியது; இரும்புக்கோ பகை. சென்ற விடுமுறையில் எம் மாமாவின் காரில் அங்கிருந்து பாசையூர், குருநகர் வழியாக நகரத்துக் கராச் ஒன்றுக்குச் சென்றபோது இவ்வுண்மையை நேரிற் கண்டோம்.

கார் ‘ஒஸ்ரின் ஏ-40 சோமசெற்’. இங்கிலாந்தின் லோங்பிரிட்ஜ் தொழிற்சாலையில் 1952 முதல் 1954 வரை செய்யப்பட்ட இனம். இயந்திரம் 1200 சீசீ. கியர்த் தடியோ ஸ்டியரிங்கின் அருகே. 1990களில் பெற்றோல் அரும்பொருளாயிருந்த காலத்தில், சிறிது பெற்றோலால் உயிர்பெற்று மண்ணெண்ணெயில் ஓடிக் குடாநாட்டு மக்களைச் சுமந்த வண்டிகளுள் இதுவும் ஒன்று.

இதன் பின்புறப் பம்பர் உருக்கினாலானது. மேலே குரோமியப் பூச்சு. பூச்சில் ஒரு கீறல் விழுந்தாற் போதும், உப்புக் காற்று உள்ளே புகுந்துவிடும். வெளியே பளபளத்த பம்பர் உள்ளே அப்பளம்போல் உதிர்ந்திருந்தது. மாற்றுப் பம்பர் கிடைப்பது அரிது. எனவே, அலுமினியத் தகட்டிலே புதிதாகச் செய்வதெனத் தீர்மானமாயிற்று.

பழைய ஆணிகள் துருவேறி இறுகியிருந்தன. மெக்கானிக் வாளெடுத்துப் பம்பரை இரண்டாக அறுத்தார். மாமா முகத்தைத் திருப்பிக்கொண்டார். காரணம் எமக்குத் தெரியும். அதன் இடப்பக்கத்தில் ஒரு நசிவு. 1995 ஒக்டோபர் 30 இரவு, கொட்டும் மழையில் வலிகாமம் முழுவதும் தென்மராட்சியை நோக்கி நடந்தபோது, நாவற்குழிப் பாலத்து நெரிசலில் ஒரு மாட்டு வண்டி மோதி உண்டானது அது. அன்று காருள்ளே நோயுற்ற அம்மம்மா. பின்னால் சைக்கிளைத் தள்ளியபடி நாம். பின்னர் எத்தனையோ பேர் சொல்லியும் மாமா அந்நசிவை நிமிர்த்தவில்லை.

புதிய பம்பரைப் பூட்டும் வேலை நுட்பமானது. அலுமினியம் இரும்பைப்போற் செந்துருப் பிடியாது. காற்றுப்பட்டதும் மெல்லிய ஒட்சைட்டுப் படலம் தோன்றி அதனைக் காக்கும். ஆயினும், இரும்போடு நேரே ஒட்டி உப்பு நீரும் சேர்ந்தால் அலுமினியமே அரிபடும். அதனால் தாங்கிக்கும் பம்பருக்கும் இடையே இறப்பர் வொஷர்கள் இட்டு, துருவேறா உருக்கு ஆணிகளால் முடுக்கினர். இருபுறமும் ஒரே உயரந்தானா என அளந்த பின்னரே இறுதி முடுக்கு. துளைகள் சரியென்று கண்டதும், மெருகிடுவதற்காக மீண்டும் கழற்றினர்.

மெருகிடுதலில் நாமும் கைகொடுத்தோம். 400ஆம் இலக்க எமரித்தாளை நீரில் நனைத்து ஒரு திசையில் தேய்த்தல் வேண்டும், பின்பு 600ஆம் இலக்கத்தால் குறுக்கே, முன்னைய கீறல்கள் மறையும்வரை, அதன்பின் 1000. அவசரத்தில் நாம் 600ஐ விட்டுவிட்டு 1000ஐ எடுத்தோம். துணிச் சில்லிலே மெருகுக் கட்டி தடவிப் பிடித்தபோது, 400இன் கீறல்களெல்லாம் எழுத்தெழுத்தாய்த் தெரிந்தன.

“மாஸ்ரர், வகுப்பேற்றம் முறையா நடக்கவேணும். ஒரு வகுப்பைப் பாஞ்சு ஏத்தினா, பிறகு பிழை வெளியில வந்திடும்” என்றார் மெக்கானிக். பாடஞ்சொல்லும் நாம் பாடங்கேட்டு, மீண்டும் 600இலிருந்து தொடங்கினோம். மாலையில் கரிய பசை கழுவப்பட்டு, மெழுகும் பூசப்பட்டதும், பம்பரில் எம் முகம் தெரிந்தது.

“இது மாசக்கணக்கில மங்கும், ஐயா. நல்ல தண்ணியால கழுவிக் கழுவித் துடையுங்கோ” என்று எச்சரித்தார் அவர்.

“துடைக்கிறதுக்கு நான் இருக்கிறன்” என்றார் மாமா. புறப்படும் வேளையில் சற்றுத் தயங்கி, “தம்பி, அந்த இடப்பக்கத் துண்டை எடுத்து வை” என்றார். சாக்கிற் சுற்றிப் பின் ஆசனத்தில் வைத்தோம்; அன்றிரவு அம்மம்மா படுத்திருந்த அதே இடத்தில்.

பழமையைப் பேணுதல் அதனை மாறாது பூட்டிவைத்தல் என்று நினைத்திருந்தோம். ஓட வேண்டியதை ஓடவிடவும், நினைக்க வேண்டியதை வீட்டில் வைக்கவும் மாமா அறிந்திருந்தார். குருநகர்க் கடற்கரையில் காற்று வீசிற்று. கார் தன் பழைய குரலோடு வீடு நோக்கி ஓடியது.