மயிலா, குரங்கா?

'பைபிள்ல இருக்கிறதெல்லாம் நிஜமாவே நடந்ததாடா?' கடையநல்லூர்ல பஸ்ஸுக்கு நிக்கிறப்போ ஃப்ரெண்ட் இப்படிக் கேட்டா என்ன சொல்வீங்க? 'எல்லாம் நிஜம்'னு ஒரு புத்தகம் இருக்கு. 'எல்லாம் கட்டுக்கதை'ன்னும் ஒண்ணு இருக்கு. எதை நம்புறது?

நம்ம நெல்லைச் சீமையிலிருந்தே ஆரம்பிப்போம். இடையன்குடியில் வாழ்ந்த கால்டுவெல்லின் ஒப்பிலக்கணம் முதலில் வெளியானது 1856-ல். சாலொமோன் ராஜாவுக்குக் கப்பலில் வந்த சரக்கில் 'துக்கியீம்' என்று ஒரு எபிரேயச் சொல் வருது (1 இராஜாக்கள் 10:22). அது நம்ம 'தோகை'தான் என்பது அவர் கருத்து.

உடனே காலரைத் தூக்கி விட்டுக்கத் தோணும். பொறுங்க! தமிழ் பைபிள் அதை 'மயில்' என்கிறது. ஆங்கிலத்தில் என்.ஐ.வி. மொழிபெயர்ப்போ 'பபூன்' குரங்கு என்கிறது! சரி, தமிழ்ச் சொல்தான்னே வச்சுக்குவோம். அந்த வரியை எழுதினவருக்கு அந்தச் சொல் தெரியும், அவ்வளவுதான் நிரூபணம். சாலொமோன் காலத்திலேயே நம்ம மயில் அங்கே போய் இறங்கிச்சா? அதுக்கு இது சாட்சி ஆகாது. ஆதாரம் முடியிற இடத்தில் தானும் நின்னுக்கிற புத்தகம்னா, என் ஓட்டு அதுக்குத்தான்.

அதனால ஒண்ணு வாங்காதீங்க, சண்டை போடுற ரெண்டை வாங்குங்க. 2001-ல் ஃபிங்கெல்ஸ்டைனும் சில்பர்மேனும் எழுதின 'தி பைபிள் அன்எர்த்ட்' ஒண்ணு. மெகிதோவில் சாலொமோன் கட்டியதாகச் சொல்லப்பட்ட மாளிகைகள் ஏறத்தாழ ஒரு நூற்றாண்டு பிந்தியவை என்பது அவங்க கட்சி. இன்னொண்ணு 2003-ல் வந்த 'ஆன் தி ரிலையபிலிட்டி ஆஃப் தி ஓல்டு டெஸ்டமென்ட்'. எழுதியவர் எகிப்தியல் அறிஞர் கென்னத் கிச்சன். பழைய ஏற்பாட்டுக்காக வரிஞ்சு கட்டிக்கிட்டு வாதாடுறார் மனுஷன். கொஞ்சம் கோபக்காரர். ஆனா அடிக்குறிப்பில் கஞ்சத்தனமே கிடையாது.

இந்த ரெண்டு கட்சியும் மறுக்காத இடங்கள்தான் உங்களுக்குத் தங்கம். 1993-ல் தெல் தானில் கிடைத்த கல்வெட்டில் 'தாவீதின் வீடு' என்ற பெயர். கி.மு. 701-ல் யூதா மேல் அசீரிய மன்னன் சனகெரிப் படையெடுத்தது, பைபிளிலும் உண்டு, அவனுடைய களிமண் பதிவிலும் உண்டு. எருசலேமைப் பிடிச்சதா மட்டும் அவனே சொல்லிக்கல!

விலை கையைக் கடிக்கும். கடையநல்லூரில் ரயில் ஏறினா மதுரை, அரசரடியில் தமிழ்நாடு இறையியல் கல்லூரி. நூலகத்துக்கு அனுமதி கேட்டுப் பாருங்க. கால்டுவெல்லின் பழைய பதிப்பு இன்டர்நெட் ஆர்க்கைவ்ல இலவசம். 'தோகை' எங்கே இருக்குன்னு முதல்ல தேடுங்க.