மணற்காட்டில் கத்திய கார்

சென்ற வருடம் டிசம்பர் 26 ஆந் திகதி காலை நானும் மாமியும் கோப்பாயிலிருந்து மணற்காட்டுக்கு வெளிக்கிட்டோம். மாமியின் தங்கை அந்த ஊரில் வாழ்க்கைப்பட்டவர். 2004 இல் இதே நாளில் வந்த ஆழிப்பேரலை அவரையும் அவருடைய இளைய மகனையும் கொண்டுபோய்விட்டது. ஒவ்வொரு வருடமும் அந்த நாளில் சேமக்காலைக்குப் போய் மெழுகுதிரி கொளுத்தினால்தான் மாமிக்கு மனம் ஆறும். முன்பெல்லாம் பஸ் மாறி மாறிப் போவோம். இந்த முறை என் காரில் போனோம்.

கார் என்றதும் பெரிதாக நினைத்துவிடாதீர்கள். யப்பானில் ஓடித் தேய்ந்து இங்கே வந்த சின்னக் கார். தையலில் மிச்சம் பிடித்த காசு, சீட்டுக்காசு, அதற்கு மேல் கடன் என்று சேர்த்து வாங்கியது. அயலில் உள்ள பிள்ளைகளைப் பாடசாலைக்கு ஏற்றி இறக்கி அந்தக் கடனைக் கட்டி வருகிறேன். கார் ஒரு நாள் நின்றால் அன்றைய வருமானமும் நின்றுவிடும். அந்த மாதம் எனக்குக் காய்ச்சல் வந்ததால் மூன்று கிழமை அது முற்றத்திலேயே நின்றது.

நீர்வேலி வாழைத் தோட்டங்களையும் புத்தூர்ச் செம்மண்ணையும் கடந்து வல்லைவெளிக்கு வந்தபோது மழை இருட்டிக்கொண்டு வந்தது. அந்த வெளியில் மழைக்காற்று காரையே தள்ளும். எதிரே வருபவர்களுக்குத் தெரியட்டும் என்று முன் விளக்குகளைப் போட்டேன். நெல்லியடி தாண்டி, மந்திகையால் திரும்பி, பொன்னேடு கண்டெடுக்கப்பட்ட வல்லிபுரத்தைக் கடந்து போனால் வீதியின் இரு புறமும் மணல் மேடுகள் எழும்பிவிடும். சவுக்க மரங்களுக்கு நடுவே காற்றின் இரைச்சலும் கடலின் இரைச்சலும் ஒன்றாகக் கேட்கும். பழைய தேவாலயத்தின் சுவர்கள் மணலுக்குள் பாதி புதைந்து நிற்கும். அந்த இடத்துக்கு வந்ததும் மாமி அழத் தொடங்கிவிட்டார். அவரைக் கைபிடித்து இறக்கும் அவசரத்தில், விளக்கை அணைக்காமலே றிமோட்டை அழுத்திக் காரைப் பூட்டிவிட்டேன்.

மூன்று மணித்தியாலம் கழித்துத் திரும்பி வந்து றிமோட்டை அழுத்தினேன். ஒரு சத்தமும் இல்லை. திறப்பைக் கதவில் போட்டுத் திறந்து பார்த்தேன். ஹோன் இல்லை, விளக்கு இல்லை. பற்றரி முழுதாக இறங்கிவிட்டது.

மாமி சொன்னார்: "அந்த நாளையில உவ்வளவு கரைச்சல் இல்லைப் பிள்ளை. மாமா கைபிடியைப் போட்டு ரண்டு சுத்துச் சுத்துவார், கார் ஸ்ராட் வந்திடும்."

உண்மைதான். தொண்ணூறுகளில் பொருளாதாரத் தடை இருந்தபோது குடாநாட்டில் ஓடியவை பெரும்பாலும் பழைய ஒஸ்ரின் ஏ40, மொரிஸ் மைனர் கார்கள். கொஞ்சம் பெற்றோல் விட்டு ஸ்ராட் பண்ணி, பிறகு மண்ணெண்ணெயில் ஓட்டினார்கள். சைக்கிள் டைனமோவைச் சுழற்றி வானொலி கேட்ட காலம் அது. அந்தக் கார்களுக்குப் பற்றரி பலவீனமாக இருந்தாலும் கைபிடி இருந்தது. இன்றைய காருக்குக் கைபிடி இல்லை. அதோடு, திருடனுக்கென்று வைத்த பூட்டுகள் சொந்தக்காரியையும் மறித்துவிடுகின்றன.

மீன் ஏற்ற வந்த சின்ன லொறிக்காரத் தம்பி ஒருவர் ஜம்பர் வயர் கொண்டுவந்தார். "அக்கா, என்ர லொறி 12 வோல்ற்தான், பயமில்லை. பெரிய லொறி, பஸ் எல்லாம் 24 வோல்ற். அதில மட்டும் குடுத்திடாதேங்கோ" என்றார். சிவப்பு வயரை முதலில் என் பற்றரியின் பொசிற்றிவிலும், மறுமுனையைத் தன் பற்றரியின் பொசிற்றிவிலும் மாட்டினார். கறுப்பு வயரின் ஒரு முனையைத் தன் பற்றரியின் நெகற்றிவில் மாட்டி, மறுமுனையை என் காரின் எஞ்சினில் பெயின்ற் இல்லாத இரும்பில், பற்றரிக்குத் தள்ளிப் பிடித்தார். பற்றரியிலிருந்து எரியக்கூடிய வாயு வரும், பொறி அதற்குக் கிட்டப் பறக்கக்கூடாது என்று காரணமும் சொன்னார்.

கறுப்பு வயர் பட்டதுதான் தாமதம், கார் கத்தத் தொடங்கியது.

நான் எதிர்பார்க்கவேயில்லை. நீண்டு கூவும் சத்தம். திரும்பிப் பார்த்தால் மாமி மணலில் குந்தி, இரண்டு காதையும் பொத்தி, தலையை முழங்காலுக்குள் புதைத்துவிட்டார். சேமக்காலையில் நின்ற பெண்கள் இரண்டு பேரும் பிள்ளைகளை அணைத்தபடி இருந்துவிட்டார்கள். சகோதரிகளே, உங்களுக்கு நான் விளக்கத் தேவையில்லை. பொம்பர் வந்த நாட்களில் பங்கருக்குள் எப்படி இருந்தோமோ, அப்படியே இருந்தார்கள். எத்தனை வருடம் போனாலும் உடம்பு மறக்கவில்லை. என் கையும் நடுங்கியது. காரை விட்டுவிட்டு மாமியிடம் ஓடினேன். "எங்கட கார்தான் மாமி. ஒண்டுமில்லை, எங்கட கார்தான்" என்று சொல்லியும் அவருக்குக் கேட்கவில்லை. பிறகுதான் புத்தி வந்தது. திறப்பு காரில் இருந்தது. திரும்ப ஓடிப்போய் றிமோட்டில் திறக்கும் பொத்தானை அழுத்தினேன். சத்தம் நின்றது. கடல் இரைச்சல் திரும்பக் கேட்டது.

அதோடும் முடியவில்லை. ஸ்ராட் பண்ணினால் எஞ்சின் ஒரு கணம் பிடித்துவிட்டு நின்றது. திறப்புப் படம் போட்ட சிவப்பு விளக்கு மினுங்கியது. "சும்மா சும்மா திருப்பாதேங்கோ அக்கா. பத்து நிமிசம் விடுங்கோ, பற்றரி கொஞ்சம் ஏறட்டும்" என்றார் தம்பி. அவருடைய லொறி ஓடியபடி நின்றது. பத்து நிமிடம் கழித்து றிமோட்டால் ஒருமுறை பூட்டித் திறந்து, திறப்பைப் போட்டு அந்த விளக்கு அணையும்வரை பொறுத்திருந்து திருப்பினேன். கார் பிடித்துக்கொண்டது. மாட்டிய ஒழுங்குக்கு எதிர் ஒழுங்கில் வயர்களைக் கழற்றினோம். தம்பி காசு வாங்கவில்லை. வீடுவரை எஞ்சினை நிற்பாட்டாமல் ஓட்டி வந்தேன்.

அடுத்த நாள் வாகன வயரிங் செய்பவரிடம் போய் எல்லாவற்றையும் கேட்டறிந்தேன். காரைப் பூட்டிவிட்டாலும் அலாம் தூங்குவதில்லை. என் காரில் அதுவும் மற்றச் சிறு கருவிகளும் சேர்ந்து 50 மில்லி அம்பியர் அளவில் மின்சாரம் எடுக்கின்றனவாம். ஒரு நாளைக்கு 1.2 அம்பியர் மணி. என்னுடையது போன்ற 36 அம்பியர் மணிப் பற்றரி முப்பது நாளில் வெறுமையாகிவிடும். ஸ்ராட் பண்ண முடியாத நிலை அதற்கு முன்பே வந்துவிடும். மூன்று கிழமை சும்மா நின்று பாதிக்கு மேல் இறங்கியிருந்த பற்றரியைத்தான் மூன்று மணித்தியால விளக்கு முடித்துவைத்தது. மின்சாரம் திரும்பி வந்ததும், பூட்டிய ஞாபகத்தில் இருந்த அலாம், திறந்த கதவைக் கண்டு கள்ளன் என்று கத்தியது.

எஞ்சினை நிறுத்தியது அலாம் அல்ல, இம்மொபிலைசர். திறப்பின் பிடிக்குள் ஒரு சின்ன சிப் உண்டு. திறப்புத் துவாரத்தைச் சுற்றியிருக்கும் கம்பிச் சுருள் அதற்குச் சக்தி கொடுத்து அதன் இலக்கத்தை வாசிக்கும். இலக்கம் பொருந்தாவிட்டால் எஞ்சின் ஓடாது. காரின் மின்சாரம் குறைந்தால் சரியான திறப்பையும் அது வாசிக்காமல் விடலாம். அதனால்தான் பொறுத்திருக்கவேண்டியிருந்தது.

வாகனம் ஓட்டும் சகோதரிகள் இவற்றை மனதில் வையுங்கள். ஓட்டம் இல்லாவிட்டாலும் கிழமைக்கு ஒருநாள் அரை மணித்தியாலமாவது ஓடுங்கள். றிமோட்டின் பொத்தான் பற்றரியை மாற்றுங்கள். ஒரே திறப்புடன் கார் வாங்கினால், அது தொலையுமுன் இன்னொன்று செய்வியுங்கள். சிப்பையும் காருக்குப் பழக்கவேண்டும், சாதாரணமாக வெட்டிய திறப்பு கதவை மட்டுமே திறக்கும். எஞ்சின் ஓடும்போது பற்றரியைக் கழற்றாதீர்கள். எல்லாவற்றுக்கும் மேலாக, இறங்கிய பற்றரிக்கு வயர் மாட்டுமுன் கதவுகளைச் சாத்தி, றிமோட்டைக் கையில் பிடித்துக்கொண்டு, பக்கத்தில் நிற்பவர்களுக்கு "இப்ப இது கத்தும், பயப்படாதேங்கோ" என்று சொல்லுங்கள். அந்த ஒரு வார்த்தையை நான் சொல்லியிருந்தால் மாமி மணலில் குந்தியிருக்கமாட்டார்.

சைரனைக் கழற்றிவிடலாமா என்று வயரிங்காரரிடம் கேட்டேன். கழற்றலாம், இம்மொபிலைசர் வேறாக இருந்து சத்தமில்லாமல் காவல் செய்யும் என்றார். வீட்டுக்கு வந்து மாமியிடம் சொன்னேன். அவர் கொஞ்ச நேரம் யோசித்தார்.

"கழற்ற வேண்டாம் பிள்ளை. கத்தினால் கத்தட்டும். நிப்பாட்டுறது எப்பிடி எண்டு எனக்குக் காட்டு."

முற்றத்தில் காரை நிற்பாட்டி, அயலவர்களுக்குச் சொல்லிவிட்டு, சைரனைக் கத்தவிட்டேன். முதல் தடவை மாமி கண்ணை மூடிக்கொண்டார். ஆனாலும் பொத்தானை அழுத்தினார். சத்தம் நின்றதும், "இன்னொருக்கால் விடு" என்றார்.