சாயாத முள்

சித்திரைத் தேருக்கு அவிநாசி போயிருந்தேன். நான் படித்த பள்ளியின் லேப் அட்டெண்டர் அண்ணன் கடைவீதியில் பார்த்துவிட்டு, "ஏனுங் தம்பி, இஞ்சினியருதானுங்களே, ஒரு எட்டு லேப்புக்கு வந்துட்டுப் போங்க" என்றார். பிசிக்ஸ் லேப்பை ஒழித்து வைக்கிறார்கள். பெயர் தெரிந்த சாமான் பீரோவுக்கு, தெரியாதது பழைய இரும்புக்கு.

ஸ்பெக்ட்ராமீட்டர், மீட்டர் பிரிட்ஜ், டேன்ஜென்ட் கால்வனாமீட்டர் என்று மளமளவெனச் சொன்னேன். கடைசியாக ஒன்று மிஞ்சியது. கண்ணாடிப் பெட்டிக்குள் செங்குத்தாக ஒரு வட்ட அளவுகோல், நடுவில் நீண்ட முள், அடியில் மூன்று திருகு. போனில் படம் பிடித்துத் தேடினேன். பழைய கடிகாரம் என்றது.

"கெட்டுப்போன காம்பஸுங்களோ?" என்றார் அண்ணன்.

ஆபீஸில் யாரோ எழுதிவிட்டுப் போன கோடு கையில் கிடைத்தால் பெயரை நம்ப மாட்டேன். எது அசைகிறது என்றுதான் பார்ப்பேன். இங்கேயும் அதே. வட்டத்தில் மணி இல்லை. நான்கு கால்பகுதியிலும் 0 முதல் 90 வரை பாகை. அடியில் கிடையாக இன்னொரு வட்டம். அப்படியென்றால் பெட்டியே சுழல வேண்டும். இரும்பு பீரோவை விட்டுத் தள்ளி, வராந்தாவில் வைத்து, மட்டம் பார்த்து மெல்லத் திருப்பினோம். ஓரிடத்தில் முள் நேர் செங்குத்தாக நின்றது. அங்கிருந்து 90 பாகை திருப்பியதும் ஏறக்குறைய படுத்துக்கொண்டது. சில பாகைதான் சாய்வு.

டிப் சர்க்கிள்! பூமியின் காந்தப்புலம் கிடையிலிருந்து எவ்வளவு சரிகிறது என்று அளப்பது. லண்டனில் கருவி செய்துவந்த ராபர்ட் நார்மன் 1581-லேயே இந்தச் சரிவைப் பற்றிப் புத்தகம் போட்டார். அங்கே இன்றைக்கு முள் சுமார் 66 பாகை சாயும். நம் ஊரில் சாயாதது கோளாறு இல்லை. காந்த நிலநடுக்கோடு இந்தியாவின் தென்கோடி வழியாக ஓடுகிறது. 1963-ல் ராக்கெட் விடத் தும்பாவைத் தேர்ந்தெடுத்ததும் அதனால்தான்.

அண்ணனுக்கு ஒரே சந்தோசம். எனக்குத்தான் உறுத்தியது. டேன்ஜென்ட் கால்வனாமீட்டர் என்று மளமளவெனச் சொன்னேனே, பன்னிரண்டாவதில் அதன் ரீடிங் மொத்தமும் சீனியர் ரெக்கார்டைப் பார்த்து எழுதியது. பெயர் தெரிந்ததை நான் தொட்டதே இல்லை.

அதைச் சொன்னேன். அண்ணன் சிரித்தார். "எல்லாரும் அப்படித்தானுங் தம்பி. கனெக்சன் குடுத்து வெச்சுட்டு நான் மட்டும் பாத்துட்டு நிப்பேன்."

லேபிள் எழுதச் சொல்லி நீட்டினார். பெயரை எழுதி, கீழே சேர்த்தேன்: "முள் செங்குத்தாகும்வரை திருப்பு. பிறகு 90 பாகை."