பிழை தேடிய இரவு

நாகமலை புதுக்கோட்டையில் நம் இல்லத்தின் பின்வாசலில் நின்றால், அரவம் நெளிந்து கிடப்பதுபோல் நாகமலை நீண்டு தோன்றும். அவ்வூரிலிருந்தே நம் தங்கை, மதுரைச் சுங்குடிச் சேலைகளை இணையக் கடை வழியாக விற்று வருகிறார். 2005-இல் புவிசார் குறியீடு பெற்ற கைத்தொழில் அது. முடிச்சிடும் பெண்கள் சிலரின் கூலி அக்கடையின் வரவை நம்பியிருக்கிறது.

சென்ற ஆண்டு பெருநாளுக்குப் பத்து நாட்கள் இருக்கையில், "அண்ணே, கடையே மாறிக் கெடக்குது" என்று தங்கை கலங்கி அழைத்தார். சென்று பார்த்தோம். கடையின் நிருவாகப் பக்கம் முற்றிலும் வேறு கோலத்தில் இருந்தது. இடப்புறப் பட்டியலைக் காணோம். எவர் பணம் செலுத்தினார், எவருக்கு எச்சேலையை அனுப்புவது என்று அறிய வழியில்லை.

கணினியைக் கையாள்பவன் தங்கை மகன். விசாரணை ஏதுமின்றி, "நீதான் எதையோ அழுத்திக் கெடுத்துவிட்டாய்" என்று அவனைக் கடிந்தோம். அவன் தலைகுனிந்து நின்றான். அனைத்தையும் அழித்துவிட்டு மறுபடி நிறுவலாம் என்றும் அவசரப்பட்டோம். "மாமா, முதல்ல ஒரு நகல் எடுத்துக்கிருவோம்" என்று அவனே தடுத்தான்.

அச்சொல் நம்மைச் சுட்டது. 1842-இல் சீறாப்புராணத்தை அச்சேற்றிய செய்கு அப்துல் காதிறு நயினார் லெப்பை ஆலிமையும், ஏடுகள் பலவற்றை ஒப்புநோக்கி 1887-இல் சீவக சிந்தாமணியைப் பதிப்பித்த உ.வே.சாமிநாதையரையும் வகுப்பில் போற்றுகிறோம். மூலத்தைக் காத்த பின்னரே பிழை தேட வேண்டும் என்று கற்பிக்கிறோம். வீட்டில் அதனை மறந்தோம்!

நகல் எடுத்தபின் ஒவ்வொன்றாக ஆராய்ந்தோம். வாடிக்கையாளர் காணும் கடைமுகப்பு மாறவில்லை. ஆகவே கடை கெடவில்லை. வேறு கணினியில் திறந்தாலும் நிருவாகப் பக்கம் அதே கோலந்தான். ஆகவே நம் கணினி காரணமன்று. அக்கடை வேர்ட்பிரஸ், வூகாமர்ஸ் ஆகிய மென்பொருள்களின்மேல் எழுந்தது. அவற்றோடு 16 செருகுநிரல்கள் இணைந்திருந்தன. வாங்குவோர் வரத்து ஓய்ந்த நள்ளிரவில் அவை அனைத்தையும் நிறுத்தினோம். பழைய தோற்றம் திரும்பியது! எட்டினை இயக்கினோம், தோற்றம் மாறவில்லை. ஆகவே பிழை மற்ற எட்டில் இருந்தது. அதனை நான்காக, இரண்டாக, ஒன்றாகக் குறைத்தோம். நான்காம் சோதனையில் உண்மை வெளிப்பட்டது. நிருவாகப் பக்கத்தை அழகுபடுத்தவென்று சேர்த்த செருகுநிரல் ஒன்று, முந்திய இரவு தானே புதுப்பித்துக்கொண்டு, பக்கத்தின் அமைப்பையே மாற்றியிருந்தது.

செருகுநிரல்கள் தாமே புதுப்பித்துக்கொள்ளும் வசதி 2020-இல் வெளிவந்த வேர்ட்பிரஸ் 5.5-இல் சேர்ந்தது. 'வேலை மிச்சம்' என்று சென்ற மாதம் அதனை இயக்கி வைத்தவர் யார்? நாமேதாம்.

அச்செருகுநிரலை நீக்கினோம். காத்திருந்த ஒன்பது ஆர்டர்களும் கண்ணிற்பட்டன. மறுநாளே சேலைகள் அஞ்சலில் சென்றன. முடிச்சிட்ட பெண்களின் கூலியும் தவறவில்லை. ஆயின் மருமகனிடம் சொன்ன சொல்லைத் திரும்பப் பெற எந்த நகலும் இல்லை. விடிவதற்குமுன் அவனிடம் மன்னிப்புக் கேட்டோம். "பரவாயில்ல மாமா" என்று சிரித்தான்.

மாணவச் செல்வங்களே, பிழையைத் தேடுங்கள், ஆளைத் தேடாதீர்கள். தேடத் தொடங்குமுன் நம் கை எங்கே பட்டது என்பதையும் ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள்.