ஒரு சிறு வளையம்

ஆலையைக் காணச் செல்வோர் உயர்ந்த கொதிகலனைக் காண்பர். புகைபோக்கியை அண்ணாந்து நோக்குவர். உறுமிச் சுழலும் பொறிகளைக் கண்டு வியப்பர். சுழலும் தண்டு பெட்டியை விட்டு வெளிவரும் இடத்தில், கறுப்பு வளையம் ஒன்று பதிந்திருப்பதை எவரும் காணார். அது தன் கடமையைச் செய்யும்வரை அப்படி ஒன்று இருப்பதே பிறர்க்குத் தெரியாது. கடமையில் தவறிய அன்றோ ஆலை முழுவதும் அதன் பெயரையே சொல்லும்.

ஆயில் சீல் என்று தொழிலாளர் அழைக்கும் எண்ணெய்த் தடுப்பு வளையம் அது. பெட்டிக்குள் இருக்கும் எண்ணெய் வெளியே கசியாமலும், வெளியே உள்ள தூசியும் நீரும் உள்ளே புகாமலும் காப்பது அதன் பணி. புறத்தே உலோகக் கூடு. அகத்தே மெல்லிய ரப்பர் உதடு. அவ்வுதட்டைத் தண்டின்மேல் அணைத்துப் பிடிக்கச் சுருள்கம்பி வளையம் ஒன்று. அதன் அமைப்பு இவ்வளவே.

1917-இல் சிலாங்கூரின் தென்னமரம் தோட்டத்தில் வணிகப் பயிராக வேரூன்றிய செம்பனை, பின்னர் ரப்பர் மரங்கள் நின்ற நிலங்களிலும் பரவியது. அவ்வாறு செம்பனை சூழ்ந்த பேராக் மாநிலத்து ஆலை ஒன்றில் முதிய பிட்டர் ஒருவர் பணிபுரிந்தார். அவர் ஓய்வுபெற மூன்று திங்களே இருந்தன. அவருக்குத் துணையாய் அமர்ந்த இளைஞனுக்கு வயது 19. பள்ளியில் கணக்குப் பாடத்தில் தோற்று, "கணக்கு யாருக்குச் சோறு போடும்?" என்று நூல்களை மூடியவன் அவன். கைவேகம் மிகுதி, பொறுமை குறைவு.

காய்ப்பு மிகுந்த பருவம் அது. பழங்களைப் பிழியும் திருகு அழுத்திகள் இரண்டனுள் ஒன்றில், பற்சக்கரப் பெட்டியின் வளையத்தை மாற்ற வேண்டியிருந்தது. முதியவர் கொதிகலன் பக்கம் வேலையாய் இருந்தார். இளைஞன் தானே முனைந்தான். பழைய வளையத்தைப் பெயர்த்தெடுத்தான். அதே அளவில் புதியது ஒன்றைக் கேட்டு வாங்கினான். தண்டில் மாட்டிச் சுத்தியலால் நான்கு தட்டுத் தட்டினான். வேலை விரைவில் முடிந்தது என்று மகிழ்ந்தான். அன்றிரவே பெட்டியின் அடியில் எண்ணெய் குளமாய்த் தேங்கிற்று. அழுத்தியை நிறுத்த நேர்ந்தது.

செம்பனைப் பழம் காத்திருக்கும் பொருளன்று. குலையை வெட்டிய 24 மணி நேரத்திற்குள் நீராவியில் வேகவைத்துவிட வேண்டும் என்பது ஆலையினர் போற்றும் விதி. காலம் தாழ்ந்தால் பழத்தில் உள்ள நொதி எண்ணெயைச் சிதைத்துக் கொழுப்பமிலத்தைப் பெருக்கும். அது 5 விழுக்காட்டைத் தாண்டினால் எண்ணெயின் தரம் தாழும், விலையும் வீழும். ஆலை வாயிலில் லாரிகள் வரிசையாய் நின்றன. அவற்றில் இருந்தவை வெறும் குலைகளல்ல. விடியுமுன் எழுந்து, கழுத்து நோக நிமிர்ந்து அறுத்தவர்களின் ஒருநாள் உழைப்பு.

முதியவர் வந்தார். இளைஞன் வசைக்குக் காத்து நின்றான். அவரோ, "அதைக் கழற்று, தம்பி. என்ன நடந்தது என்று அதுவே சொல்லும்" என்றார்.

கழற்றிய வளையத்தை விளக்கொளியில் பிடித்துப் பார்த்தனர். உதட்டில் மயிரிழை போன்ற வெட்டு ஒன்று தெரிந்தது. தண்டின் முனையில் சாவிக்கட்டை பதியும் பள்ளம் உண்டு. அதன் கூரிய விளிம்பைக் கடக்கும்போது பட்ட காயம் அது. கூடும் ஒருபுறம் நெளிந்திருந்தது. அது சுத்தியல் செய்த வேலை.

"இதில் பொறித்திருப்பதைப் படி."

"50, 72, 8. தண்டின் விட்டம், குழியின் விட்டம், வளையத்தின் அகலம். அளவு சரிதானே, மாமா?"

"அளவு மட்டும் போதுமா? இந்தத் தண்டு நொடிக்கு 25 முறை சுழல்கிறது. ஒரு நொடியில் உதட்டின்மேல் எவ்வளவு தூரம் ஓடுகிறது, சொல்."

இளைஞன் திகைத்தான். பின்னர்ச் சுண்ணக்கட்டியை எடுத்து இரும்புத் தகட்டின்மேல் எழுதினான். 50-ஐ 3.14-ஆல் பெருக்கினான், சுற்றளவு 157 மில்லிமீட்டர். அதை 25-ஆல் பெருக்கினான், 3,925. நொடிக்கு ஏறத்தாழ நான்கு மீட்டர்! பள்ளியில் மூடிய நூல் ஆலையில் திறந்தது.

"அந்த வேகத்தை நைட்ரைல் ரப்பர் தாங்கும். வெப்பத்தில் ஏறத்தாழ 100 பாகை செல்சியஸ்வரை தாங்கும். அதற்குமேல் சூடேறும் இடத்தில் அது கட்டித்துப்போய் வெடிக்கும். அங்கே 200 பாகை தாங்கும் புளோரோ ரப்பர் வேண்டும். அளவு ஒன்றாய் இருக்கிறது என்பதால் ஒன்றின் இடத்தில் மற்றொன்றை மாட்டக்கூடாது."

"நம் தோட்டத்து ரப்பர் இதற்கு ஆகாதா, மாமா?"

"ஆகாது. கனிம எண்ணெயில் ஊறி உப்பிப்போகும்."

பால்மரம் சீவிய தாயின் மகன் அம்முதியவர். அத்தாயைப் போன்றோர் சீவிய பால் உலகெங்கும் வண்டிச் சக்கரங்களில் ஓடிற்று. எனினும் இச்சிறு வளையத்திற்கு உதவவில்லை. முற்காலத்தில் இதனைத் தோலால் செய்தனர். 1930-களில் ஜெர்மனியில் எண்ணெயைத் தாங்கும் நைட்ரைல் ரப்பர் உருவாயிற்று. தோல் பதனிடும் தொழிலில் தோன்றிய பிராய்டன்பெர்க் நிறுவனமும் அப்பத்தாண்டில் ரப்பர் வளையங்களைச் செய்யத் தொடங்கிற்று. நல்ல பொருளாயினும் எல்லா இடத்திற்கும் பொருந்துவதில்லை. பொருந்தும் இடத்தை அறிவதே தொழிலறிவு.

மீண்டும் வேலை தொடங்கிற்று. குழியைத் துடைத்தனர். தண்டில் பழைய உதடு பள்ளம் பறித்திருக்கிறதா என்று நகத்தால் வருடிப் பார்த்தனர். பள்ளம் இருப்பின் புதிய உதடு அதில் விழாதவாறு சற்றே தள்ளிப் பொருத்தல் வேண்டும். சாவிப் பள்ளத்தின்மேல் மெல்லிய நாடாவை ஒட்டினர். உதட்டிலும் தண்டிலும் எண்ணெய் தடவினர். சுருள்கம்பி உள்ள பக்கம் எண்ணெயை நோக்கியிருக்க வளையத்தை ஏற்றினர். முதியவர் தம் பெட்டியிலிருந்து குழாய்த்துண்டு ஒன்றை எடுத்தார். வளையத்தின் விளிம்பு முழுவதும் அது சமமாய்ப் படிந்தது. அதன்மேல் மெல்லத் தட்ட, வளையம் கோணாமல் குழியில் அமர்ந்தது. இறுதியாகப் பெட்டியின் மூச்சுத்துளையையும் தூய்மை செய்தார். அது அடைபட்டால் உள்ளே அழுத்தம் ஏறும். புதிய வளையமும் கசியும்.

"சுருள்கம்பியை இன்னும் இறுக்கமாய் வைத்தால் ஒரு துளியும் கசியாதே, மாமா?"

"அங்கேதான் பலர் தவறுகிறார்கள். உதடு தண்டைத் தொட்டுக்கொண்டிருப்பதாய்த் தெரியும். சுழலும்போது இரண்டுக்கும் நடுவே மிக மெல்லிய எண்ணெய்ப் படலம் இருக்கும். அதன்மேல்தான் உதடு வாழ்கிறது. இறுக்கினால் படலம் போய்விடும், உதடு உலர்ந்து கருகும், தண்டும் தேயும். தண்டு கரடாய் இருந்தால் உதட்டை அறுக்கும். கண்ணாடிபோல் வழவழப்பாய் இருந்தாலோ எண்ணெய் நிற்காது. எல்லாவற்றுக்கும் ஓர் அளவு உண்டு, தம்பி."

விடியுமுன் அழுத்தி ஓடத் தொடங்கிற்று. இருவரும் பெட்டியின் அடியில் வெண்தாள் ஒன்றை விரித்துக் காத்திருந்தனர். ஒரு மணி நேரம் கழிந்தும் தாளில் கறை படியவில்லை.

காலையில் பொறியாளர் வந்து, "முதலில் பொருத்தியவர் யார்?" என்று வினவினார். முதியவர் வாய் திறக்குமுன் இளைஞன் முன்வந்தான். "நான்தான், ஐயா. சாவிப் பள்ளத்தை மூடாமல் மாட்டினேன், சுத்தியலால் அடித்தேன்." அவனுக்கு எச்சரிக்கைக் கடிதம் கிடைத்தது. அதனை அவன் மறைக்கவுமில்லை, கிழிக்கவுமில்லை.

மூன்று திங்கள் சென்றன. முதியவர் விடைபெற்ற நாளில், தேய்ந்து பளபளத்த அக்குழாய்த்துண்டை இளைஞனின் கையில் கொடுத்தார். அறிவுரை ஏதும் கூறவில்லை.

கணக்கு யாருக்குச் சோறு போடும் என்று கேட்கும் மாணவர் வகுப்பறைகளில் இன்றும் உளர். அவர்களை இறுக்கிப் பிடிப்பதா, விட்டுவிடுவதா என்று ஆசிரியரும் மயங்குவதுண்டு. அன்றிரவு அம்முதியவர் இரண்டையும் செய்யவில்லை. கெட்டுப்போன வளையத்தைக் கையில் கொடுத்து, அதில் எழுதியிருப்பதைப் படிக்கச் சொன்னார்.