கொக்கலையிலிருந்து பேர்த் நகருக்கு

காலியிலிருந்து மாத்தறைக்குக் கடற்கரை வழியே செல்வோர் கொக்கலை என்னும் ஊரைக் கடந்தே செல்வர். அங்குள்ள அமைதியான வாவி, ஒரு காலத்தில் மிக நீண்ட நேர ஆகாயப் பிரயாணமொன்றின் துறையாக விளங்கியது என்பதை நம்மிற் பலர் அறியோம்.

1942 பெப்ரவரியிற் சிங்கப்பூர் யப்பானியர் கைப்பட்டது. அவுஸ்திரேலியாவையும் இங்கிலாந்தையும் இணைத்த விமான மார்க்கம் அதனோடு அறுந்தது. அதனை மீண்டும் தொடுப்பதற்காக, குவாண்டாஸ் நிறுவனத்தார் 1943 ஆம் ஆண்டின் நடுப்பகுதியில், இந்து சமுத்திரத்தை இடையில் எங்கும் இறங்காமற் கடக்கத் துணிந்தனர். நீரிலேயே இறங்கி ஏறவல்ல கற்றலீனா விமானங்கள் பேர்த் நகருக்கும் கொக்கலைக்கும் இடையே பறக்கத் தொடங்கின.

இவ்விரு இடங்களுக்கும் இடைத்தூரம் ஏறத்தாழ 5,650 கிலோமீற்றர். கற்றலீனாவின் வேகமோ மணித்தியாலத்துக்குச் சுமார் 200 கிலோமீற்றர். வகுத்துப் பார்க்கும் மாணவர், 28 மணித்தியாலம் என்று விடை காண்பர். ஆனால், காற்று அக்கணக்குக்குக் கட்டுப்படுவதில்லை. அது உடன்வீசினால் நேரம் குறையும். எதிர்த்து வீசினால் ஏறும். ஆகவே பிரயாணம் 27 முதல் 33 மணித்தியாலம் வரை நீண்டது. புறப்பட்டோர் வானிலேயே இரு சூரிய உதயங்களைக் கண்டனர். 'இரட்டை உதயம்' என்ற பெயர் இச்சேவைக்கு வந்தது இதனாலேயே.

எரிபொருளே பெரும் பாரமாயிற்று. எனவே மூன்று பிரயாணிகளுக்கும் 69 கிலோகிராம் தபாலுக்குமே இடமிருந்தது. பகைவரின் கண்ணுக்குத் தப்ப, அபாயமான பகுதியை இரவிற் கடந்தனர். தாம் இருக்குமிடத்தைக் கம்பியில்லாத் தந்தி காட்டிக்கொடுத்துவிடும் என்பதால், அதனையும் மௌனமாக வைத்திருந்தனர். வழிகாட்டியவை திசைகாட்டியும் விண்மீன்களுமே. ஐந்து விமானங்களுக்கும் நட்சத்திரங்களின் பெயர்களையே இட்டிருந்தனர். அவற்றுள் மூன்று, நம் பஞ்சாங்கம் சித்திரை, கேட்டை, திருவோணம் எனக் குறிக்கும் நட்சத்திரங்களே.

1945 ஜூலை வரை இவ்விமானங்கள் 271 முறை சமுத்திரத்தைக் கடந்தன.

இன்று அதே தூரத்தை ஒரு ஜெட் விமானம் ஏறத்தாழ ஏழு மணித்தியாலத்திற் கடந்துவிடும். 2018 மார்ச்சு மாதத்திற் பேர்த்திலிருந்து இலண்டனுக்கு இடைநில்லாச் சேவை தொடங்கிற்று. அவ்வழி 14,498 கிலோமீற்றர். பிரயாண நேரம் சுமார் 17 மணித்தியாலம். கற்றலீனாவில் வந்தவர், அதே 17 மணித்தியாலம் கழிந்த வேளையில், கரையேதும் காணாது நடுச்சமுத்திரத்தின் மேல் பறந்துகொண்டிருப்பார்.

தேசப்படத்தில் இரு நகரங்களுக்கிடையே நூல் பிடித்து நாம் தூரத்தை அளந்துவிடலாம். நேரத்தை அவ்வாறு அளத்தல் இயலாது. இயந்திரம், காற்று, எரிபொருள் என்பவற்றோடு, அக்காலத்து உலகம் எத்துணை அமைதியாக இருந்தது என்பதும் அதனுள் அடங்கும். இரவிற் பறக்கவோ, வாய்மூடிச் செல்லவோ தேவையின்றி இன்று நாம் சமுத்திரங்களைக் கடப்பது, வேகத்தினும் பெரிய பேறு.