வாசல் பலகை

ஜூலை 14, திங்கள்

ஏழு மணிக்கே சோளகம் எழும்பிவிட்டது. பள்ளிக்கூட வாசல் பலகையில் எழுதி முடிப்பதற்குள் முகமெல்லாம் மணல். கண்டக்குழிக் கரையில் வள்ளங்கள் ஏற்றிவைத்தபடி கிடக்கின்றன. தண்ணீரில் நிற்பவர்கள் பட்டத்தைப் பிடித்து அலைமேல் ஓடும் வெளிநாட்டுக்காரர்கள் மட்டும்தான்.

இந்தக் காற்றையே பலகையில் இன்றைய தகவல் துளியாக்கினேன். ஆங்கிலத்தில் ‘மொன்சூன்’ என்கிறோமே, அது அரபு ‘மவ்ஸிம்’. பருவம் என்று பொருள். அரபு மாலுமிகளிடமிருந்து போர்த்துக்கேயர் வாய்க்குப் போய், அங்கிருந்து ஆங்கிலத்துக்கு வந்தது. ஆறாம் வகுப்புப் பையன் ஒருவன், “எங்கட மௌலவியும் அந்தச் சொல்லைச் சொல்லுவார் டீச்சர்” என்றான். அவன் முகத்தில் இருந்த பெருமையை நாள் முழுக்க நினைத்துக்கொண்டேன்.

அந்த நாளில் அப்பா தென்கச்சி கோ. சுவாமிநாதனின் ‘இன்று ஒரு தகவல்’ கேட்காமல் காலைத் தேத்தண்ணீர் குடிக்கமாட்டார். கடல் தாண்டி வரும் வானொலி. இரைச்சல் கூடினால் பெட்டியைத் தூக்கிக்கொண்டு முற்றத்துக்கு வருவார். முடிவில் வரும் சிரிப்புக் கதையை நாங்கள் பிடித்துக்கொள்வோம். அப்பா தகவலைப் பிடித்துக்கொள்வார். இந்தப் பலகை அவரிடமிருந்து வந்ததுதான்.

ஜூலை 15, செவ்வாய்

வீட்டுக்குள் இருக்கும் ஒல்லாந்தர். கந்தோர், அவர்களுடைய ‘கன்டோர்’ தான். கக்கூஸ் கூட அவர்கள் விட்டுப்போன சொல் என்றதும் வகுப்பு சிரித்து ஓயப் பத்து நிமிடம் ஆயிற்று. பிறகு என் மேசை லாச்சியை இழுத்துக் காட்டினேன். உப்புக் காற்றில் பலகை ஊதி, பாதியில் இறுகி நின்றுவிட்டது. இரண்டு பிள்ளைகள் சேர்ந்து இழுத்தார்கள். ‘லாட்சே’ என்று டச்சுக்காரர் சொன்னதை முந்நூறு வருடமாக நாம் இழுத்து மூடிக்கொண்டிருக்கிறோம். கடைசி வரியில் அலமாரியையும் சேர்த்து எழுதினேன்.

ஜூலை 16, புதன்

இரவு அகராதியைப் புரட்டியபோது நெஞ்சு பதறியது. அலமாரி ஒல்லாந்தருடையது அல்ல, போர்த்துக்கேய ‘அர்மாரியோ’. மேசை, கதிரை, சாவி, சப்பாத்து, குசினி எல்லாம் வந்த அதே கப்பலில் வந்தது. பலகையில் இருப்பதை அழித்துவிடலாம். பிள்ளைகள் கொப்பியில் எழுதிக்கொண்டு வீட்டுக்குப் போயிருக்கிறார்களே, அதை என்ன செய்வது?

காலைக்கூட்டத்தில் “நேற்று நான் எழுதியது பிழை” என்று சொன்னேன். ஒவ்வொரு கொப்பியையும் திறக்கச் சொல்லி நானே பார்த்தேன். ஒரு பிள்ளை பழைய வரியை வெட்டாமல் பக்கத்தில் சிவப்புப் பேனையால், “அலமாரி கப்பல் மாறி ஏறிவிட்டது” என்று எழுதியிருந்தாள். அதைத் திருத்த மனம் வரவில்லை.

ஜூலை 17, வியாழன்

பயணி இப்னு பதூதா. 1344இல் மாலைதீவிலிருந்து புறப்பட்ட கப்பல் காற்றில் திசை மாறி, அவர் கரையிறங்கியது நம் புத்தளத்தில். பத்தாலா என்று எழுதிவைத்திருக்கிறார். அரசன் ஆரியச் சக்கரவர்த்தி அவரோடு பாரசீகம் விளங்கிப் பேசியிருக்கிறான், முத்துகள் கொடுத்திருக்கிறான். வெள்ளம் அடித்துவந்த கறுவா மரங்கள் கரையில் மலைபோல் குவிந்து கிடந்தனவாம். மலபார் வணிகர் அவற்றுக்கு விலை கொடுப்பதில்லை. அரசனுக்குத் துணி கொடுத்துவிட்டு அள்ளிப் போவார்கள்.

“கறுவாவைச் சும்மாவா?” என்று முன்வரிசை முழுக்கக் கேட்டது. நேற்று அவரவர் உம்மா கடையில் கொடுத்த விலை அவர்களுக்குத் தெரியும்.

ஜூலை 18, வெள்ளி

சைமன் காசிச்செட்டியை எழுத இத்தனை நாள் தயங்கினேன். பலகை போதாது என்ற பயம். 1807இல் கற்பிட்டியில் பிறந்தவர். இங்கிருந்து பஸ் ஏறினால் கொஞ்ச நேரத்தில் இறங்கும் ஊர். இருபத்தேழு வயதில், 1834இல், இலங்கையின் ஊர், ஆறு, சாதிசனம், விளைபொருள் என்று அகரவரிசையில் தொகுத்து ஆங்கிலத்தில் ‘சிலோன் கெசட்டியர்’ வெளியிட்டார். 1859இல் ‘தமிழ் புளூட்டார்க்’; தமிழ்ப் புலவர்களின் வாழ்க்கையைத் தேடித் தேடிச் சேர்த்த நூல். அடுத்த வருடம் இறந்துபோனார். இடையில் சட்டசபை உறுப்பினர், நீதிபதி.

பிள்ளைகளுக்கு நைல் நதியின் நீளம் தெரியும். கற்பிட்டிக் கோட்டையை அடிக்கடி பார்க்கிறார்கள்; அதை ஒல்லாந்தர் 1667 முதல் 1676 வரை கட்டினார்கள் என்று ஒரு பிள்ளைக்கும் தெரியவில்லை. அந்தக் கோட்டைக்குப் பக்கத்தில் பிறந்து இந்த நாட்டையே அகரவரிசையில் அடுக்கிய மனிதனையும் தெரியவில்லை. எனக்கு இது பொறுக்கவில்லை.

வெள்ளி மணி அடிக்குமுன் சொன்னேன்: வீட்டுப் பெரியவர்களிடம் கேட்டு, கண்டக்குழிச் சொல் ஐந்து, அகரவரிசையில், பொருளோடு.

ஜூலை 21, திங்கள்

முப்பத்தொரு தாள். ஓங்கில், கரைவலை, கருவாடு, வாடி, மாசி. சிலர் அம்மாவிடம் எழுதி வாங்கியிருக்கிறார்கள், கையெழுத்தே காட்டிக்கொடுக்கிறது. ஈரம்பட்டு மை கரைந்த தாள் ஒன்று இருந்தது. சிவப்புப் பேனைக்காரியுடையது. அதில் ஐந்தாவது சொல்லைத்தான் இன்று பலகையில் அப்படியே எழுதினேன்:

சோளகம் — அப்பப்பா வீட்டில் இருக்கும் காலம்.